தில்லிக் குளிரில் ஒரு புது வண்டி

1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்னும் தில்லிவாசியிடம் வழங்கினார். அதுவரை நம் நாட்டில் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர், இல்லையேல் பிரீமியர் பத்மினி. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் தெற்கிலிருந்து வந்து, கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடித்தனம் போட்ட நம்மவர்க்கு முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டர். அதற்கு மேல் ஏணியில் படி கிடையாது. தொழிற்சாலை விலை ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவான ஒரு கார் வரப்போகிறது என்ற செய்தி அந்த ஏணியில் இன்னும் ஒரு படியை வைத்தது. பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். அந்தப் பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன்.

என் முறை 1985 டிசம்பரில் வந்தது. எந்தப் பருவத்தில் வண்டி வாங்கலாம் என்று நாள் பார்க்கும் உரிமை அன்று வாங்குவோர்க்கு இல்லை. நிறத்தைத் தேர்வதற்கே பெரிய மனிதர் யாரேனும் தெரிந்திருக்கவேண்டும். அலுவலகத்தில் மோட்டார் கார் முன்பணம் பெற்று மீதித் தொகையைக் கட்டினேன். அந்தக் கடனுக்கு ஒரு வேடிக்கையான நிபந்தனை உண்டு. கடன் தீரும்வரை வண்டி இந்தியக் குடியரசுத் தலைவருக்கு அடமானம் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆகவே என் வாசலில் நின்ற சின்னஞ்சிறு வெள்ளைக் கார் ராஷ்டிரபதி பவனத்துக்குக் கட்டுப்பட்டது. இதை என் மனைவி அண்டை வீடுகளிலெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்தாள்.

ஆடம்பரத்துக்காக வாங்கிய வண்டியன்று அது. என் தந்தையார் கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் நிலத்தோடும் மாட்டோடும் வாழ்ந்தவர். அம்மா மறைந்தபின் 1984-இல் எங்களோடு வந்து சேர்ந்தார். அவருக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. காவிரிக்கரையில் மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டிய அந்த நோய், தில்லியின் மூடுபனியைக் கண்டதும் நிரந்தரக் குடியேறியது. தை மாதத்து நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால் ஆட்டோ கிடைக்காது. டாக்ஸி நிலையத்தில் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும். முதல் குளிர்காலத்தில் இருமுறை அவரை ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் கம்பளிக்குள் சுற்றி உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கார் வாங்கக் காரணம் அதுவே.

வண்டியை நேராக மலை மந்திருக்கு ஓட்டிச் சென்றோம். 1973-இல் குடமுழுக்குக் கண்ட அந்த முருகன் கோயிலின் அடிவாரத்தில், எலுமிச்சம்பழம் நசுங்காத புது வண்டி தில்லித் தமிழரிடம் இல்லை எனலாம். பூசை முடிந்ததும் அப்பா வண்டியை ஒருமுறை வலம் வந்தார். முன் சக்கரத்தைத் தட்டினார். "கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது. இதை உடனே பாரத்தில் பூட்டிவிடாதே. நம் ஊரில் புதுக் காளையைப் பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, வெறும் வண்டியில் பத்து நாள் நடத்துவோம்" என்றார்.

வண்டியோடு வந்த கையேடும் வேறு சொற்களில் அதையே கூறியது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வேகமாக ஓட்டக்கூடாது. மிதியை முழுதும் அழுத்தக்கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லக்கூடாது. அக்காலத்தில் புது வண்டியின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒரு தாளை ஒட்டிவைப்பார்கள். பின்னால் வருவோர் ஒலிப்பானை அலறவிடாதிருக்க அது ஒரு வேண்டுகோள். தில்லியில் அந்த வேண்டுகோளை மதித்தவரை நான் பார்த்ததில்லை.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய அந்தச் சிறு எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உட்சுவரிலும் குறுக்கு நெடுக்காக மிக நுண்ணிய கோடுகளைத் தொழிற்சாலையிலேயே கீறி அனுப்புகிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்தக் கோடுகளின் முகடுகளில் உரசி உரசித் தாமும் தேய்ந்து, சுவரையும் தேய்த்து, ஒன்றுக்கொன்று பொருந்தும் வடிவத்தை அடையவேண்டும். பொருத்தம் சரியாக அமைந்தால் எரிவாயு கீழே கசியாது, எண்ணெய் மேலே ஏறி எரியாது. முரட்டுத்தனமாக ஓட்டினால் உரசும் இடத்தில் சூடு மிகும். அதற்காக அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்தாலும் வளையங்கள் சுவரோடு போதிய அளவு அழுந்தாமல், முகடுகள் வழவழப்பாகிப் பொருத்தமே வாராது போய்விடும். முதல் வாரத்தில் வண்டியைத் துணி போர்த்தி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுத்துப்போன நண்பர்கள் எனக்கு உண்டு. அது வண்டிக்குச் செய்த நன்மை அன்று.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொது. குளிர் நாட்டுக்கென்று தனியே ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கையேடு சில வரிகளில் சொல்லிச் சென்றது. எனக்கு விரித்துச் சொன்னவர் எங்கள் தெருமுனையில் மரத்தடியில் வண்டி பழுது பார்த்த ஒரு சர்தார்ஜி. ஒரு காலத்தில் சொந்தமாக டாக்ஸி வைத்திருந்தவர். 1984 நவம்பரின் முதல் நாட்களில் சீக்கியர்க்கு நேர்ந்த கொடுமையில் அவருடைய டாக்ஸி எரிக்கப்பட்டது. அவர் உயிர் தப்பியது அண்டை வீட்டார் தயவால். அதன்பின் பிறர் வண்டிகளைப் பழுதுபார்த்தே பிழைத்தார். அந்த நாட்களைப் பற்றி அவராக ஒருபோதும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

முதல் வாரத்தில் ஒருநாள் காலை, ஐந்தாறு டிகிரிக் குளிரில், என் வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. நான் சாவியை விடாமல் திருகிக்கொண்டிருந்தேன். அவர் தேநீர்க் குவளையுடன் வந்து நின்றார். "பாபுஜி, பாட்டரியைக் கொல்லாதீர்கள். பத்து நொடிக்கு மேல் திருகவேண்டாம். விட்டு, அரை நிமிடம் பொறுத்து மறுபடி திருகுங்கள். கிளட்சை மிதித்துக்கொள்ளுங்கள், கியர்ப்பெட்டியின் கெட்டி எண்ணெயையும் சேர்த்துச் சுற்றும் பாடு மோட்டாருக்கு மிஞ்சும்" என்று இந்தியில் சொன்னார். குளிரில் பாட்டரியின் வலு குறைகிறது. அதே நேரத்தில் எண்ணெய் தடித்து, எஞ்சினைச் சுற்ற வேண்டிய வலு கூடுகிறது. வரவு குறைந்து செலவு மிகும் குடும்பத்தின் நிலைதான்.

பிறகு சோக்கை இழுக்கச் சொன்னார். பெட்ரோல் குளிரில் எளிதாக ஆவியாவதில்லை. ஆகவே கார்புரேட்டருக்குள் புகும் காற்றை அடைத்து, பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டினால்தான் பொறி பற்றும். வாசற்படியில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "காற்றை அடைத்தால்தான் மூச்சு வருமா? இதற்கும் இழுப்புதான் போலிருக்கிறது" என்றார். அதை நான் இந்தியில் சொன்னதும் சர்தார்ஜி உரக்கச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

எஞ்சின் கிளம்பியதும் நான் ஊர் வழக்கப்படி அதை நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்ற நினைத்தேன். அவர் கூடாதென்றார். சோக் இழுத்தபடி நின்று ஓடும் எஞ்சினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். வளையம் பதிந்துகொண்டிருக்கும் புது எஞ்சினுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. கழுவிய பெட்ரோல் கீழே இறங்கி எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அரை நிமிடம் எண்ணெய் மேலேறப் பொறுத்து, உடனே வண்டியை மெல்ல நகர்த்தி, எஞ்சின் தாங்குமளவுக்குச் சோக்கைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளவேண்டும். "நடந்தால்தான் உடம்பு சூடாகும், பாபுஜி, நின்று நடுங்கினால் ஆகாது" என்பது அவர் வாக்கு.

இன்னொன்றையும் அவரே விளக்கினார். முதல் வாரம் புகைபோக்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே மோரைக் கடைந்தாற்போல் வெண்ணுரை. எஞ்சினில் விரிசல் விழுந்து நீர் கசிகிறதென்று எங்கள் வீடே கலங்கிவிட்டது. உண்மையில், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. சூடான எஞ்சின் அதை வெளியே தள்ளிவிடும். வீட்டிலிருந்து அலுவலகம் ஆறு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறி முடிவதற்குள் நான் இறங்கிவிடுவேன். ஆவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது. ரேடியேட்டரில் நீர் குறையவில்லை என்பதைக் காட்டி, "நோய் இல்லை, நீண்ட நடை வேண்டும்" என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கிராண்ட் டிரங்க் சாலையில் முர்த்தல் வரை போய்வரத் தொடங்கினோம். போகவர நூறு கிலோமீட்டருக்கு மேல். கடுகு பூத்த வயல்களின் நடுவே ஐம்பது, நாற்பது, அறுபது என்று வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். சாலையோரத் தாபாவில் வெண்ணெய் மிதக்கும் பராத்தாவுக்கு என் மனைவி வீட்டிலிருந்து எடுத்துவந்த ஆவக்காய். இரண்டாம் வாரத்தில் மூடியின் வெண்ணுரை மறைந்தது. தில்லிக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியும் வீட்டுச் சுவர்களையும் மருத்துவமனையையுமே கண்டிருந்த அப்பா, பஞ்சாபை நோக்கிச் செல்லும் அந்தச் சாலையில்தான் முதன்முதலாகக் கோதுமைப் பயிரைத் தொட்டுப் பார்த்தார். நாற்று நடாமல் விதைத்தே வளர்க்கிறார்கள் என்பதை அவரால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1986 ஜனவரியில் ஓர் இரவு, மூன்றரை மணிக்கு அவருக்கு நெஞ்சு அடைத்தது. வண்டியின் கணக்கில் அப்போது அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வெளியே கைநீட்டினால் கை தெரியாத மூடுபனி. கிளட்சை மிதித்து, சோக்கை இழுத்து, பத்து நொடி திருகினேன். விட்டேன். அந்த அரை நிமிடம் பொறுப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல எனக்குச் சொல் வாய்க்கவில்லை. பின்னிருக்கையில் அவர் மூச்சின் சீழ்க்கை ஒலி. முன்னால் ஓசையற்ற எஞ்சின். இரண்டாம் முறை அது பற்றிக்கொண்டது. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வழியில்லை. என் மகன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, சாலை நடுவிலுள்ள திண்டைப் பார்த்து "வலது, கொஞ்சம் இடது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மருத்துவமனையில் ஊசி போட்டு, மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். விடிந்து வெகுநேரம் கழித்து அப்பா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "கன்றுக்குட்டி எப்படி நடந்தது?" என்பதுதான்.

ஆயிரமாவது கிலோமீட்டரில் முதல் எண்ணெயை வடித்தபோது சர்தார்ஜி ஒரு துளியை விரல்களிடையே தேய்த்து வெயிலில் காட்டினார். வெள்ளிப்பொடி போல மின்னியது. வளையங்களும் சுவரும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த உலோகம் அது. கூலியாக அவர் பணம் பெறவில்லை. அப்பா வற்புறுத்தியதால் ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி மட்டும் குடித்தார். அது தமக்குக் கசப்பென்று மறைக்காமல் சொல்லிவிட்டார்.

தில்லிக் குளிர் உறைபனிக்கு இப்பால் நின்றுவிடுவது. சிம்லாவுக்கும் அதற்கு மேலும் மாற்றலாகிப் போன நம்மவர்க்குக் கவலை வேறு. நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருக்கிறது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை விட்டுவைத்தால் ஓர் இரவில் எஞ்சினே பிளந்துவிடக்கூடும். அங்கே எத்திலீன் கிளைக்கால் கலந்த நீரையே ஊற்றவேண்டும். டீசல் வண்டிக்காரர் பாடு இன்னும் சிரமம். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு கட்டிக்கொள்ளும். லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல்தான் கொண்டுவந்தது.

அப்பா அதன்பின் ஆறு குளிர்காலங்கள் இருந்தார். வண்டியைப் பதின்மூன்று ஆண்டுகள் ஓட்டி விற்றேன். மாருதி 800-இன் உற்பத்தியே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இன்றைய சிறு கார்களில் சோக் கிடையாது. எரிபொருளைக் கணிப்பொறி அளந்து தெளிக்கிறது, எண்ணெயும் நீர்போல் மெலிந்தது. ஆனாலும் வளையம் சுவரில் பதியத்தான் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இன்றும் பிறக்கத்தான் செய்கிறது. அன்று கண்ணாடிக்கு வெளியே தலை நீட்டிய என் மகன் சென்ற மார்கழியில் குர்காவில் புதுக் கார் வாங்கினான். காலையில் அதைக் கிளப்பிவிட்டு, உள்ளே வெப்பக்காற்றைப் போட்டுக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டினேன். மெல்ல நகர்த்திக்கொண்டே போகலாம் என்றேன். போகும் வழியில் எண்ணெய் அளவுகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டான். இறங்கியதும் முன்மூடியைத் திறந்து காட்டினேன்.