வானத்தில் ஒரு புள்ளி

எங்கட கமராவுக்கு நாலு சொந்தக்காரர். முதலாம் வருசத்தில் நாலு பேரும் காசு சேர்த்து வாங்கின பழைய டி.எஸ்.எல்.ஆர். அது. சோளகம் தொடங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு மணற்காட்டுப் பக்கம் போகாத ஆள் எங்களில் இல்லை. மணல்மேடு, மணலுக்குள் புதைந்துபோன பழைய அந்தோனியார் கோயில், பெரிய வானம். படமெடுக்க வேறென்ன வேணும்? ஆனால் காத்தும் இருக்கு. எவ்வளவு கவனமாய் லென்ஸ் மாத்தினாலும் ஏதோவொரு தூசி உள்ளே போய்விடும்.

பிறகு கொம்பியூட்டரில் பார்த்தால் வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள்.

உண்மையில் இந்தத் தூசி ஒட்டுவது சென்சருக்கு முன்னால் இருக்கிற மெல்லிய கண்ணாடியில். படத்தில் தெரிவது அதின்ர நிழல். எஃப் 2.8 போல அகலத் திறந்து எடுத்தால் ஒளி பல கோணங்களில் வந்து நிழலைக் கரைத்துவிடும். எஃப் 16, எஃப் 22 எண்டு சுருக்கினால் நிழல் கூர்மையாய் விழும். பிலிம் காலத்தில் இந்தக் கரைச்சல் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துண்டு பிலிம் வரும். டிஜிட்டலில் ஆயிரம் படத்துக்கும் ஒரே சென்சர்தான். 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 கமராவில் அந்தக் கண்ணாடியை அதிரவைத்துத் தூசியை உதறுகிற வசதி இருந்தது. இப்போது பல கமராக்களில் அது இருக்கு. ஆனாலும் ஒட்டிப்பிடித்த தூசி அதுக்கு மசியாது.

நாங்கள் செய்வது இதுதான். எஃப் 22இல் வைத்து, ஃபோகஸைக் குழப்பி, வெள்ளைச் சுவரை எடுப்போம். கமராவை அசைத்து இன்னொன்று எடுப்போம். இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிற புள்ளி தூசி. சென்சரில் காட்சி தலைகீழாய் விழும் என்பதால், படத்தில் மேலே தெரிகிற தூசி சென்சரில் கீழே இருக்கும். பற்றரியை முழுதாய்ச் சார்ஜ் பண்ணி, மெனுவில் சென்சர் துப்புரவு முறைக்குப் போய், கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, றப்பர் ஊதியால் ஊதுவோம். வாயால் ஊதக்கூடாது, எச்சில் படும். ஊதியும் போகாவிட்டால் வேலை தெரிந்தவரிடம் குடுப்பதுதான் புத்தி.

மிச்சத்தைக் கொம்பியூட்டரில் அழிக்கலாம். சண்டை தொடங்கினது அங்கதான்.

போன வருசம் கண்காட்சிக்குக் கரைவலைப் படமொன்றைத் தயார்செய்துகொண்டிருந்தோம். வானத்தில் மூன்று புள்ளிகளை அழித்த நண்பன், மவுசை அப்படியே வலதுமூலைக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு காவலரண்.

"இதையும் எடுத்துவிட்டால் படம் நல்ல வடிவாய் இருக்குமடா."

"தூசி எங்கட கமராவில இருந்தது. அது அங்க கரையில நிண்டது" எண்டன்.

அவன் அரை மணித்தியாலம் வாதாடினான். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் விதியைக் காட்டினேன். படத்துக்குள் இருக்கிற எதையும் நீக்கக்கூடாது. ஓரத்தை வெட்டலாம், சென்சர் தூசியை அழிக்கலாம். "அப்ப ஓரத்தை வெட்டுவம்" எண்டான். வெட்டினால் வலை இழுக்கிற கடைசி ஆளும் போய்விடுவார். அதோடு அடங்கினான்.

படம் காவலரணோடுதான் தொங்கினது. பார்க்க வந்த வயதான தொழிலாளி ஒருவர் வலையையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. நேரே வலதுமூலையில் விரலை வைத்தார்.

"இது நிக்கிற இடத்திலதான் தம்பி முந்தி எங்கட வாடி இருந்தது."