எங்கள் வரலாற்று ஆசிரியர்

இடைநிலைப்பள்ளியில் எனக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர் சென்ற மாதம் தம் 78ஆம் அகவையில் இயற்கை எய்தினார். பழைய மாணவர்களின் புலனக் குழுவில் மலாய்த் தோழி ஒருத்திதான் முதலில் செய்தியைப் பகிர்ந்தாள். ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் அவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பத்தால் இதனை எழுதுகின்றேன்.

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அருகில் உள்ள ஓர் இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, புகுமுக வகுப்பைக் கடந்து, 1995இல் படிவம் மூன்றில் அவருடைய மாணவியானேன். வகுப்பில் அவர் பேசியது மலாய்; நடைகூடத்தில் எங்களோடு பேசியது தமிழ். மலாயாவின் வரைபடத்தை எதையும் பார்க்காமலே கரும்பலகையில் வரைந்துவிடுவார். கையெழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் "மானா காமு தாஹு?" என்பார். உனக்கு எப்படித் தெரியும் என்று பொருள். பாடநூலில் இருக்கிறது என்றால், நூலை எழுதியவருக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி பிறக்கும். தேர்வு நெருங்கும் நேரத்தில் இது எங்களுக்கு எரிச்சலூட்டியதும் உண்டு.

ஜப்பானியர் ஆட்சிக்காலப் பாடம் வந்தபோது ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கும் முதியவர் ஒருவரிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வர வேண்டும். "முதலில் அவர்கள் பேசும் மொழியில், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். மலாய்க்குப் பிறகு மாற்றலாம்" என்றார்.

பாட்டியிடம் கேட்டேன். பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்த செய்தியே அன்றுதான் எனக்குத் தெரியும். 1943இல் தோட்டத்துக் கிராணி பெயர் எழுதிக்கொண்டு போக, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பிச் சயாமுக்கு இரயில் பாதை போடப் போனவர். திரும்பவில்லை. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியர் மதிப்பெண் போடவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் "எந்த நிலையத்தில் ஏறினார்? கையில் என்ன கொண்டு போனார்?" என்று எழுதியிருந்தார்.

மறுபடியும் கேட்டேன். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சுங்கைப் பட்டாணி நிலையத்தில் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள் என்றார். அரிசி கிடைக்காத காலம். அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் கட்டிக் கொடுத்தது தாம்தான் என்றார். "இத்தன வருசமா யாரும் இதக் கேக்கலியே கண்ணு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டி 2001இல் மறைந்தார். அந்த அண்ணனின் பெயர் எழுதப்பட்ட தாள் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் ஆசிரியர் மூன்று கட்டுரைகளை வகுப்பில் வாசித்தார். ஒன்று என்னுடையது. மற்றொன்று, தன் தாத்தாவும் அதே சயாம் பாதையில் வேலை செய்து நோயோடு மீண்டதை ஒரு மலாய் மாணவன் எழுதியது. மூன்றாவது, 1942இல் பினாங்கில் ஜப்பானியர் பிடித்துச் சென்ற பெரிய மாமாவைப் பற்றி ஒரு சீன மாணவி எழுதியது. வாசித்து முடித்ததும் எதுவும் சொல்லாமல் மலாயா வரைபடத்தின் மேலே சயாமையும் பர்மாவையும் வரைந்து, 415 கிலோமீட்டர்ப் பாதையை ஒரு கோடாக இழுத்தார். மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்று பணிமனைகளில் நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அவர் அதையும் முடித்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி முடித்து நானும் தமிழ்ப்பள்ளிக்கு வந்த பின்னர் அவ்வப்போது அவரைப் பார்த்து வந்தேன். 2018 பள்ளி விடுமுறையில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சென்றேன். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் அடக்கமாகியுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் வரிசை தவறாமல் செதுக்கப்பட்டுள்ளன. படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினேன். "அழகாகப் பராமரிக்கிறார்கள். நம்மவர்கள் எங்கே?" என்று பதில் வந்தது. அந்தப் பாதையில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே மிகுதியாக மாண்டனர். அவர்களுள் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம்.

2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப் பாடமாகிவிட்டது. இப்போது என் மாணவர்களுக்கும் அதே வேலையைக் கொடுக்கிறேன். இக்காலத் தாத்தா பாட்டிமார் போருக்குப் பின் பிறந்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டதையும் லயத்து வீட்டை விட்டு வெளியேறியதையும் சொல்கிறார்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், சற்று நேரம் தொலைக்காட்சியை அடைத்து வையுங்கள். சென்ற வாரம் ஒரு மாணவன் தன் தாத்தா தோட்டத்தை விட்டு வந்த கதையை நான்கே வரியில் எழுதி வந்தான். ஓரத்தில் "எந்த ஆண்டு? வண்டியில் என்னென்ன ஏற்றினார்கள்?" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பக்கம் வந்தது. அம்மிக்கல்லை ஏற்ற இடமில்லாமல் விட்டுவிட்டு வந்தார்களாம்.