இரண்டு ஊசிகள்

என் தங்கைக்கும் எங்கள் அத்தை மகனுக்கும் விவாகம் நடந்தபொழுது, உறவு விட்டுப்போகலாகாது என்பதே பெரியோர் கூறிய ஒரே நியாயம். அந்த நியாயத்தின் பயனை இன்று அவளுடைய ஐந்து வயது மகன் அனுபவிக்கின்றான். பெற்றோர் இருவரும் அறியாமற் சுமந்த தலசீமியாக் குறை, அவனிடத்தில் நோயாகவே வெளிப்பட்டது. நான்கு வாரத்திற்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றினாலன்றி அவன் முகத்தில் களை இராது. அந்நியரை மணந்தோர் வீட்டிலும் இந்நோய் தோன்றும் என்பது மெய்யே. ஆயினும் ஒரே பாட்டனின் வழிவந்த இருவர் மணக்கும்பொழுது, ஒரே குறை இருபுறமும் இருக்க இடம் அதிகம்.

இத்தகைய பெற்றோர்க்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. மூத்தது நோயுற்றதனால் இளையது தப்பும் என்னும் கணக்கு இயற்கையிடம் இல்லை. அவள் மீண்டும் கருவுற்றபொழுது கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸிலுள்ள என் வீட்டிற்கு வந்தாள். "அக்கா, இரண்டு ஊசி இருக்கிறதாம். எதைப் போட்டுக்கொள்வது?" என்றாள்.

இருவரும் மருத்துவரிடம் சென்றோம். பதினொன்றாம் வாரம் முதல் பதினான்கு வாரத்திற்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசுவை எடுப்பது ஒருவகை. பதினைந்து வாரம் நிறைந்தபின் பனிக்குட நீரில் 15 அல்லது 20 மில்லிலிட்டர் எடுக்கும் அம்னியோசென்டெசிஸ் மற்றொன்று. திசுவில் உயிரணுக்கள் மிகுதியாதலால் விடை விரைவில் கிட்டும். நீரிலுள்ளவற்றைச் சில வேளை வளர்த்தெடுக்க நேர்வதால் நாட்கள் கூடும். குரோமோசோம் பார்க்குமிடத்து, நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றில், சிசுவிடம் இல்லாத மாறுதல் கொடியில் மட்டும் காணப்பட்டுக் குழப்பம் விளைவிப்பதுண்டு. தலசீமியாவுக்கு அக்குழப்பம் பெரிதன்று. கருச்சிதைவு அபாயம் நூற்றுக்கு ஒன்று என்றன பழைய நூல்கள். தேர்ந்த கைகளில் இரண்டிற்கும் இருநூறில் ஒன்றினும் குறைவே என்கிறது, பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி.

அத்தையோ, "தலையெழுத்தை ஊசியா மாற்றும்? குழந்தையின் கண்ணில் குத்திவிட்டால்?" என்றார். ஸ்கேன் கருவி ஊசி செல்லும் வழியைக் காட்டிக்கொண்டே இருக்கும் என்றேன். வாசகர் நகைக்க வேண்டாம், தலையெழுத்தை நம்பும் அதே வாய், அடுத்த மூச்சில், "ஆணா பெண்ணா என்றும் சொல்லுவார்களா?" என்று கேட்டது! இந்தியாவில் இக்கேள்வியைத் தடுக்கவே 1994-ல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

எங்கள் மலேசியச் சட்டமும் நினைவில் நின்றது. 1989-ல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிருக்கோ, உடல் மன நலத்திற்கோ நேரும் கேட்டைக் கருதுகின்றது; சிசுவின் நோயைத் தனிக்காரணமாகப் பெயர் சொல்லவில்லை. அறிந்தபின் செய்வது யாதென்று நானும் கேட்கவில்லை, அவளும் கூறவில்லை. "அசையத் தொடங்கும் முன் எனக்குத் தெரிய வேண்டும், அக்கா" என்றாள். அதனால் முதல் ஊசியையே தேர்ந்தாள். அவள் கணவன் கூட வாசலில் நின்றான். உள்ளே அவள் கையைப் பற்றியிருந்தது நான்.

இரு வாரங் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். பெற்றோரைப்போல் குறையைச் சுமக்குமேயன்றி, நோய் இல்லையாம். ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டாமென மருத்துவரிடம் முன்னரே கூறிவிட்டாளாம். பிறகு, நாளை மகனுக்கு இரத்தம் ஏற்றும் நாள், விடியுமுன் புறப்பட வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.