பால்கோவா அடுப்பும் பெல்லட் கணக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூரில், மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை எரிக்கும் அடுப்புக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பவர் யாரும் வீட்டைச் சூடாக்குவதற்காகக் கேட்பதில்லை. மார்கழிக் குளிருக்கு இங்கே ஒரு போர்வை போதும். கேள்வியெல்லாம் பால்கோவா வாணலிக்குத்தான். ஆனாலும் குளிர்தேசத்தில் இரண்டு குடும்பம் வசிக்கும் வீட்டுக்குப் போடும் கணக்கை இங்கேயும் போட்டாக வேண்டும். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம், பின்கட்டில் அடுப்பு என்று இருந்தால், தீ ஒருவருடையது, புகை இருவருக்கும் பொது.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. ஆகவே தீயும் கையும்தான் பதத்தைத் தீர்மானிக்கின்றன. பால் பொங்கி வற்றும்வரை தீ தாராளமாக எரியலாம். திரண்டு, துடுப்பு கனக்கத் தொடங்கியதும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அடிப்பிடித்து நிறம் கறுத்துவிடும். விறகு அடுப்பில் மாஸ்டர் ஒரு கட்டையை வெளியே இழுத்துப் போடுவார், அவ்வளவுதான். பெல்லட் அடுப்பில் ப்ளோயரின் குமிழைத் திருப்ப வேண்டும். காற்று குறையும், ஆனால் உள்ளே கனன்று கிடக்கும் தணல் உடனே தணியாது. அதனால் குமிழை ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே திருப்பக் கை பழக வேண்டும். அடுப்பு விற்க வருபவர்கள் இதை வாய்திறந்து சொல்வதில்லை.

இனி பணத்துக்கு வருவோம். பத்து லிட்டர் பால், ஒன்றேகால் கிலோ சர்க்கரை. கிடைப்பது மூன்றேகால் கிலோ பால்கோவா என்று வைத்துக்கொண்டால், எட்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் போயாக வேண்டும். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தையும் சேர்த்தால் சுமார் 5,100 கிலோகலோரி வாணலிக்குள் இறங்க வேண்டும். கேஸ் அடுப்பு தன் வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேல் வாணலிக்குத் தருகிறது. ஒழுங்காகக் கட்டிய பெல்லட் அடுப்பு மூன்றில் ஒரு பங்கு. பழைய விறகு அடுப்பு ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது. அந்தக் கணக்கில் ஒரு வாணலிக்குக் கேஸ் 0.85 கிலோ, பெல்லட் 3.6 கிலோ, விறகு 8 கிலோ. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் கேஸைக் கிலோ 100 ரூபாய், பெல்லட் 12, விறகு 6 என்று போட்டால் முறையே 85, 43, 48 ரூபாய் ஆகிறது.

அடுப்பு, புகைபோக்கி, சரக்கு வைக்கும் அறை எல்லாம் சேர்ந்து 80,000 ரூபாய் ஆகிறது, தினம் இருபது வாணலி இறங்குகிறது என்போம். கேஸிலிருந்து மாறுபவருக்கு ஒரு நாளைக்கு 840 ரூபாய் மிச்சம். போட்ட பணம் நூறு நாளுக்குள் திரும்பிவிடும். விறகிலிருந்து மாறுபவருக்கு மிச்சம் 100 ரூபாய்தான். 800 நாள் ஆகும். அதுவும் பெல்லட் 12 ரூபாயிலேயே நின்றால். 14 ரூபாய்க்கு ஏறிவிட்டால் வாணலிக்கு 50 ரூபாய், விறகைவிட நஷ்டம்.

ஏறுமா என்றால், முன்பு ஏறியிருக்கிறது. 2006இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு பி.பி. நிறுவனம் ‘ஊர்ஜா’ என்ற வீட்டு பெல்லட் அடுப்பைக் கொண்டுவந்தது. சிறு பேட்டரியில் ஓடும் விசிறி, புகை மிகக் குறைவு. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் விற்றது. அடுப்பில் குறையில்லை. மூலப்பொருளான வேளாண் கழிவின் விலை ஏற, பெல்லட் விலையும் ஏறியது. வீட்டுப் பெண்கள் பழைய விறகுக்கே திரும்பினார்கள். பிறகு அந்தத் தொழில் உணவகங்களையும் பெரிய சமையற்கூடங்களையும் நம்பி நகர்ந்தது. காசு கொடுத்துக் கேஸ் வாங்கிக்கொண்டிருந்த இடங்கள் அவை.

செலவுப் பட்டியலில் பலர் எழுத மறப்பது புகைபோக்கி. கீழே ஒரு குடும்பம் மட்டும் என்றால் ஓட்டுக்கு மேலே இரண்டடி நீட்டினால் போதும். மாடியில் இன்னொரு குடும்பம் இருந்தால், மாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்டி, வளைவு இல்லாமல் நேராக ஏற்ற வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே தீரும். விறகுக்குப் பதில் முந்திரிக்கொட்டை ஓடு எரிப்பவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். அந்த ஓட்டில் எண்ணெய் இருப்பதால் நன்றாக எரியும். அதே எண்ணெய்தான் புகையில் கண்ணைக் கரிக்கிறது.

அடுத்தது ஈரம். மரத்தூளையும் கடலை ஓட்டையும் இயந்திரத்தில் அழுத்திச் செய்வதுதான் பெல்லட். ஒரு சாரல் பட்டால் ஊதி, உதிர்ந்து தூளாகிவிடும். தீபாவளி ஆர்டர் குவியும் வாரங்களும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வருகின்றன. பலகை அடுக்கி, தரையிலிருந்து உயர்த்திய அறை இல்லாவிட்டால் மூட்டைக் கணக்கில் நட்டம். கரன்ட் போனால் ப்ளோயர் நின்று அடுப்பு புகையத் தொடங்கும் என்பதால் இன்வெர்ட்டரும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம் பக்கம் வந்தால், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தொழில் வேறு ரகம். துணியை வெளுக்கக் கொதிநீரும் நீராவியும் வேண்டும். பாய்லரைக் கவனிக்கத் தனி ஆளும், சரக்கை மொத்தமாக வாங்கும் வசதியும் உள்ள இடத்தில் எரிபொருளை மாற்றுவது எளிது. பின்கட்டு அடுப்புக்காரருக்கு அவரே ஆள், அவரே கிடங்கு.

விறகுத் தீயில்தான் ருசி என்பவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் ருசிக்குக் காரணம் புகை என்பதைவிட, அகன்ற இரும்பு வாணலியும் விடாமல் கிண்டும் கையும் என்றே இந்தக் கட்டுரை நினைக்கிறது.

ஆகவே கேஸில் பால்கோவா கிண்டுபவர்கள் தாராளமாகப் பெல்லட்டுக்கு மாறலாம். விறகில் இருப்பவர்கள் லாபம் கிடைக்கும் என்று மாற வேண்டாம். மாடியில் இருப்பவர்களின் இருமலுக்காக மாறுவதென்றால் முதலில் புகைபோக்கியை உயர்த்திப் பாருங்கள், செலவு அதில் பாதிகூட வராது. எப்படியானாலும், அடுப்பு விலை கேட்பதற்கு முன்னால், ஐப்பசியில் பெல்லட் தருவதாக எழுதிக் கொடுக்கும் இரண்டு வியாபாரிகளைத் தேடிக்கொள்ளுங்கள்.