போ என்றொரு நதி

கனடாவின் கால்கரி நகரத்தினூடே ஓடும் ஆற்றுக்குப் 'போ' என்று பெயர். கரையில் வளர்ந்தவற்றைக் கொண்டு பூர்வகுடிகள் வில் செய்தார்கள் என்பதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. தமிழ் கற்பிக்கும் எனக்கு அது வேறு விதமாகக் காதில் விழுந்தது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் தம்பி அந்தப் பெயரைச் சொன்னபோது, வந்த முதல் நாளே யாரோ என்னைத் திருப்பி அனுப்புவது போலிருந்தது.

2020 ஏப்ரலில் அப்பா இறந்தார். மார்ச் 23 முதல் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. இருபது பேருக்கு மேல் கூடாமல் கும்பகோணத்தில் எல்லாம் முடிந்தது. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். தம்பி கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் வந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மனம் ஆறவில்லை. பதினாறாம் நாள் கருமாதியன்று அவன் கம்பளித் தொப்பி அணிந்து திரையில் தோன்றினான். அதைக் கழற்றக்கூடத் தோன்றவில்லையே இவனுக்கு என்று நினைத்தேன். அதன்பின் எங்களுக்கிடையே நலம் விசாரிப்புக்கு மேல் பேச்சு இருந்ததில்லை. 2025 கோடை விடுமுறையில் அவன் மிகவும் வற்புறுத்தியதால்தான் சென்றேன்.

வாடகைக்கு ஓர் 'ஆர்.வி.' எடுத்திருந்தான். இருபத்தைந்து அடி நீளத்தில் ஓடுகிற வீடு. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. சாப்பாட்டு மேசையை இறக்கினால் படுக்கை. நான்கு பேர் அதில் ஆறு நாட்கள். ஒருவர் எழுந்து நடந்தால் மற்ற மூவரும் அசைய வேண்டும். கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னோர் அறை இல்லை. கரடிக்கு அஞ்சி, ரசப் பாத்திரத்தைக்கூட வெளியே வைக்கக் கூடாது என்பது முகாமின் விதி. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் குழாயை ஒரு முனையில் அவனும் மறுமுனையில் நானும் பிடித்தோம். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து இருபது வருடங்கள் ஆகியிருக்கும்.

பான்ஃப் 1885இல் வெந்நீர் ஊற்றுகளைக் காக்க ஒதுக்கப்பட்ட நிலத்தில் தொடங்கிய பூங்கா. கனடாவின் முதல் தேசியப் பூங்கா. நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகள் கடப்பதற்கென்று மரம் நட்ட பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

லூயி ஏரிக்கு வடக்கே ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலையில் போ ஏரி இருக்கிறது. ஆறு புறப்படுவது அங்கேதான். ஜூன் முதல் வாரத்திலும் பாதி உறைந்திருந்தது. மற்றவர்கள் படம் எடுத்து முடித்த பின்பும் தம்பி கரையிலேயே நின்றான். நான் வண்டியில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு இவ்வளவு நேரம் என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அதாபாஸ்கா பனியாறு 125 ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி ஜாஸ்பரை நெருங்கியபோது மலைச்சரிவு முழுவதும் கரித் தூண்கள். 2024 ஜூலைத் தீயில் காடு எரிந்து, ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கும் அழிந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோ சொன்னதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். வெயிலைத்தான் காரணமாகச் சொல்வேன். இப்படி ஒரு பாலையை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தரையில் மட்டும் புல் பச்சையாக முளைத்திருந்தது.

அன்றிரவு மற்றவர்கள் உறங்கிய பின் தம்பி பேசினான்.

"அக்கா, கருமாதியன்னிக்கு விடியக்காலையில நான் இங்க ஆத்துக்குப் போனேன்."

"எந்த ஆத்துக்கு?"

"போ நதிக்குத்தான். கரையோரமா பனிக்கட்டி மிதந்துச்சு. கறுப்பு எள்ளு கிடைக்கல. வீட்ல இருந்த வெள்ளை எள்ளைத்தான் கொண்டுபோனேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தொப்பி நினைவுக்கு வந்தது.

"மொட்டை போட்டிருந்தியா?"

"முடிவெட்டுற கடையெல்லாம் மூடிட்டாங்க. நானே மழிச்சுக்கிட்டேன். ரெண்டு மூணு இடத்துல வெட்டு. நீ பார்த்தா அழுவன்னுதான் தொப்பி."

ஐந்து ஆண்டுகள் நான் அந்தத் தொப்பியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. இதை எழுதுவதால் இனி அவனுக்குத் தெரிந்துவிடும்.

கால்கரி திரும்பிய அன்று, அவர்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள அந்த இடத்தைக் காட்டினான். உருளைக்கற்கள், சிறிய மணல் திட்டு, வேறொன்றும் இல்லை. நாங்கள் ஏரியில் பார்த்த பனி கரைந்து இவ்வழியாகத்தான் வருகிறது. நகரம் குடிப்பதும் இதைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் வலி ஏறியது. ஜூனிலேயே இப்படி.

"எத்தனை தரம் முங்கினே?"

"மூணு."

"பைத்தியக்காரா" என்றேன்.

மேலே சாலையிலிருந்து அவன் மகள் கூப்பிட்டாள். மூன்று மணிக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அதற்குமுன் கழிவுத் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். குழாயின் மறுமுனையைப் பிடிக்க நான் கரையேறினேன்.