அளக்காமல் எழுதிய ஒரு சொல்

நான் முதுகலை இயற்பியல் பயின்ற நாட்களில், எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் பாரஃபின் மெழுகு நிரப்பிய பெரிய பீப்பாய் ஒன்று இருந்தது. அதன் நடுவே, கட்டைவிரல் அளவுள்ள ஓர் உலோகக் குப்பி. அமெரீசியமும் பெரிலியமும் கலந்த அக்குப்பியினின்று இரவும் பகலும் நியூட்ரான்கள் வெளிப்பட்டுக்கொண்டிருந்தன. 1932-ஆம் ஆண்டு ஜேம்ஸ் சாட்விக் கேம்பிரிட்ஜில் நியூட்ரானைக் கண்டறிந்ததும் பெரிலியத்தின் துணைகொண்டுதான். மின்னூட்டம் அற்றதாகையால் நியூட்ரானை எந்த அணுக்கருவும் வாயிலில் நிறுத்தி விரட்டுவதில்லை. அழையா விருந்தாளிபோல் அது உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தபின் என்ன நிகழும், எத்தனை முறைக்கு ஒருமுறை நிகழும் என்பதை அளப்பதே எங்களுக்கு இடப்பட்ட பயிற்சி.

முறை எளியது. நியூட்ரான் கற்றையின் வழியில் ஒரு தகட்டை வைக்காமல் ஒருமுறை எண்ண வேண்டும். வைத்து ஒருமுறை எண்ண வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு, தகட்டிலுள்ள ஒவ்வோர் அணுக்கருவும் நியூட்ரானுக்கு எவ்வளவு பெரிய இலக்காக அமைகிறது எனக் கணக்கிடலாம். இவ்விலக்கின் பரப்பைக் ‘குறுக்குவெட்டு’ என்பர். அதன் அலகு பார்ன். ஒரு சதுர சென்டிமீட்டரை, ஒன்றுக்குப் பின் 24 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பது அது. பார்ன் என்றால் வைக்கோற்கொட்டகை. அணுக்கருவின் உலகில் அச்சிறு பரப்பே கொட்டகை அளவு பெரிதென்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க இயற்பியலார் வேடிக்கையாக இட்ட பெயர்!

எண்ணும் கருவிக்குள் போரான் சேர்ந்த வாயு இருந்தது. போரான்-10 அணுக்கரு மெதுவான நியூட்ரானை விழுங்கி, ஹீலியமாகவும் லித்தியம்-7 ஆகவும் உடையும். அவ்வுடைவே ஒரு துடிப்பாகப் பதிவாகும். ஆயினும் மூன்றாவதாக ஓர் எண்ணிக்கையும் உண்டு. சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறிச் சுற்றுவழியாய் வந்து சேரும் நியூட்ரான்களையும், கற்றையை மறைத்துவைத்துத் தனியே எண்ணிக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாகும். அன்று எனக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். அந்தக் கட்டத்தில் ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று எழுதிவிட்டுப் புறப்பட்டேன்.

மறுநாள் பேராசிரியர் என் குறிப்பேட்டைப் புரட்டினார். அச்சொல்லின்மேல் விரலை வைத்து, “தம்பி, அளந்தபின் புறக்கணித்தீரா, அளக்காமலே புறக்கணித்தீரா?” என்று அமைதியாகக் கேட்டார். நான் தலைகுனிந்தேன். அவர் சினக்கவில்லை, மீண்டும் அளந்து வருமாறு மட்டும் பணித்தார். அளந்தேன். மொத்த எண்ணிக்கையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அந்தப் ‘புறக்கணிக்கத்தக்கது’க்குள் ஒளிந்திருந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின் நான் ஆசிரியனாக இருந்தபோது, பசிபிக் பெருங்கடலில் நிகழ்ந்த ஒரு வெடிப்பைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அன்று அந்தப் பழைய கேள்வி என் நெஞ்சில் மீண்டும் ஒலித்தது.

1954-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் எரிபொருளில் லித்தியம் இருவகையாகக் கலந்திருந்தது. லித்தியம்-6 நியூட்ரானை ஏற்று டிரிட்டியத்தைத் தரும். அதனையே அறிஞர்கள் நம்பியிருந்தனர். பெரும்பங்காக இருந்த லித்தியம்-7 செயலற்றது எனக் கொள்ளப்பட்டது. மெதுவான நியூட்ரான்களிடம் அது அவ்வாறுதான் நடந்துகொள்ளும். அவற்றுக்கு லித்தியம்-6 சுமார் 940 பார்ன் அளவுள்ள இலக்கு. லித்தியம்-7 ஒரு பார்னில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் குண்டினுள் பிறப்பவை மிக விரைவான நியூட்ரான்கள். அவை தாக்கினால் லித்தியம்-7 உடைந்து, ஹீலியத்தையும் டிரிட்டியத்தையும் தந்து, மேலும் வினைபுரிய ஒரு நியூட்ரானையும் வெளிவிடும். அந்த விரைவில் இதன் குறுக்குவெட்டு ஏறத்தாழ 0.3 பார்ன், டிரிட்டியம் தருவதில் லித்தியம்-6-ஐயும் அது விஞ்சிவிடும். இச்சிறிய எண் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

6 மெகாடன் அளவை எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன் வெடித்தது. காற்றின் திசையும் பாதகமாக அமைந்தது. சாம்பலாகிய பவளத்தூள் ரோங்கெலாப் தீவின்மேல் வெண்பொடியாகப் பெய்தது. அது இன்னதென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடினர். இரண்டு நாட்களுக்குப் பின்னரே அம்மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 பேர்மீதும் அப்பொடி விழுந்தது. அவர்களுள் வானொலி இயக்குநரான ஐகிச்சி குபொயாமா அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று உயிர்நீத்தார்.

கணக்கு சரியாக இருந்திருந்தால் அனைவரும் தப்பியிருப்பர் என்று நான் கூறத் துணியேன். குண்டு குண்டுதான். ஆயினும், ஒன்றுமில்லை என்று கருதி விட்ட இடத்திலிருந்து எழுந்த அழிவை எண்ணும்போதெல்லாம் என் குறிப்பேட்டின் அந்தக் கட்டம் கண்முன் நிற்கும்.

பின்னர் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இவ்வினையை மீண்டும் மீண்டும் அளந்தன. அதற்கு ஆக்கவழித் தேவையும் உண்டு. அணுக்கரு இணைவால் மின்சாரம் பெற முயலும் உலைகளுக்கு டிரிட்டியம் வேண்டும். இயற்கையில் அது மிக அரிது. சேமித்து வைத்தாலும் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே உலையைச் சுற்றி லித்தியத்தை வைத்து அங்கேயே அதனை விளைவிக்க வேண்டும். அன்று அழித்த அதே எண்ணை நம்பியே இன்று ஆக்கவும் திட்டமிடுகின்றனர்.

எங்கள் இளைய மகள் அதிகம் பேசாத பிள்ளை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். எட்டாம் வகுப்பில் மதிப்பெண்கள் சரிந்த பிறகே, ஓராண்டாக அவளுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. “ஏனம்மா சொல்லவில்லை?” என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே அப்பா” என்றாள். அவளுக்குக் கண்ணாடி வாங்கிவந்த அன்றிரவு, பேராசிரியரின் கேள்வி எனக்கு நெடுநேரம் உறக்கம் தரவில்லை.

அளந்து பார்த்தபின் ஒன்றைச் சிறியதென்று ஒதுக்குவது அறிவு. அளக்காமலே ஒதுக்குவது வெறும் அவசரம். அன்றைய கடைசிப் பேருந்தை நான் பிடித்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.