ரங்கூன் மச்சானின் டாக்சியும் கியர் ஆயிலும்

நம் இதழைப் படிக்கும் குடும்பங்களில் ஆட்டோ, வேன், டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்திறங்கிய நம்மவர்களில் பல வீட்டு அடுப்பை ஸ்டியரிங்கும் ஸ்பானரும்தான் எரிய வைத்தன. எங்கள் வீடும் அப்படித்தான். நாங்கள் அண்ணன் தம்பி இருவர். வியாசர்பாடியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். 2019 ஜனவரியில் ரங்கூனுக்குப் போய் வந்தோம். ஷ்வேடகோன் பகோடா பார்த்த கதையையும் காளி கோயில் கும்பிட்ட கதையையும் எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அங்கே இருந்த பன்னிரண்டு நாளில் பாதியை ஒரு டாக்சிக்கு அடியில்தான் கழித்தோம். அந்தக் கதையைத்தான் எழுதுகிறோம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

அந்த டாக்சி எங்கள் மாமன் மகனுடையது. நே வின் ஆட்சிக்கு வந்தது 1962ல். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும், 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நமக்குப் பாடமான கதைகள். மொகல் தெருவுக்கு அருகில் எங்கள் தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையும் அப்படித்தான் போயிற்று. 1965ல் தாத்தா, பாட்டி, எங்கள் அம்மா மூவரும் கப்பலேறினார்கள். மாமா ஏறவில்லை. சிரியத்தில் அப்போதுதான் பெண் எடுத்திருந்தார். அம்மாவுக்கு அந்த மனத்தாங்கல் தீரவே இல்லை. “கப்பல் நகர்ந்தப்போ அண்ணன் கரையில வந்து நின்னு ஒரு கை கூட ஆட்டலை” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மாமா காலமான செய்தி வந்தபோதும் அழுதுகொண்டே இதைத்தான் சொன்னார். நாங்கள் புறப்பட்டபோது அத்தைக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினார். வேறு சேதி ஒன்றும் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு மச்சான் தன் வண்டியிலேயே வந்திருந்தார். டொயோட்டா ப்ரோபாக்ஸ். 2011ல் அந்நாட்டு அரசு பழைய வண்டியைக் கொடுத்தால் புது இறக்குமதிக்கு அனுமதி என்று திட்டம் கொண்டுவந்த பிறகு, ஜப்பானில் ஓடிக் கழித்த கார்கள் ரங்கூனில் வந்து குவிந்தன. டாக்சிகளில் கண்ணில் படுவதெல்லாம் இந்த ப்ரோபாக்ஸ்தான். ஒரு வேடிக்கை பாருங்கள். 1970 டிசம்பரில் அங்கே சாலையின் இடப்பக்கம் ஓடிய வண்டிகளையெல்லாம் ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜப்பான் வண்டிக்கோ ஸ்டியரிங் வலப்பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்து “வரலாம்” என்று சொல்ல வேண்டும். அன்று முழுவதும் அந்த வேலை எங்களுக்கு.

பார்த்துக்கொண்டே வந்ததில், காதுக்கும் ஒரு வேலை வந்தது. ஹ்லெடான் சந்திப்பு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு வண்டி மக்கர் செய்தது. நின்று கிளம்பும்போது எஞ்சின் வீறிடுகிறது, வண்டி நகரவில்லை. ஒரு வினாடி கழித்து ‘டொக்’ என்று ஓர் அடி, அப்புறம் நகர்கிறது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மச்சான் அதைக் கவனித்துவிட்டார். “மூணு மாசமா இப்படித்தான் மச்சான். கியர் பாக்ஸையே மாத்தணும்னு பட்டறையில சொல்லிட்டாங்க” என்றார். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய கியர் பாக்ஸ்தான், ஆனாலும் அதன் விலை அவருக்கு ஆறு மாத மிச்சம். வண்டி வாங்கியதே அத்தையின் நகையை விற்றும் கடன் வாங்கியும்தான். மகள் பத்தாவது படிக்கிறாள். வண்டி நின்றால் வீடே நின்றுவிடும்.

மறுநாள் காலை வண்டியைப் பார்த்தோம். ஆட்டோ கியர் வண்டியில் கால் மிதிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று, உள்ளே நிறைய எண்ணெய். அந்த எண்ணெய்தான் இழுவையைக் கடத்துகிறது, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது, சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் எண்ணெய் குறைந்தாலோ கெட்டாலோ கியர் பிடிக்காது. பெரும் அளவில் இப்படிப்பட்ட வண்டியை முதலில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார் அது. பிறகு வந்த கியர் எண்ணெயில் பிளேட் வழுக்காமல் சீராகப் பிடிப்பதற்காகத் திமிங்கிலத்தின் எண்ணெயைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை போட்ட பிறகுதான் வேறு மருந்து தேடினார்கள். இப்போது வருவதற்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள். கீழே சொட்டினால் எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக.

அளவு பார்க்கும் முறையைச் சொல்கிறோம், நம் வீட்டுப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். எஞ்சின் ஆயிலை வண்டியை நிறுத்திப் பார்ப்போம். பெரும்பாலான ஆட்டோ கியர் வண்டியில் அது செல்லாது. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்றுக் கொண்டுபோய் மீண்டும் ‘பி’யில் வைக்க வேண்டும். அப்புறம் அளவுக் கம்பியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்துச் சூட்டுக் குறிகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் மச்சானுக்கு அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது, இங்கேயும் பலருக்குத் தெரியாது.

கம்பியை உருவினால் எண்ணெய் அடி நுனியில்தான் ஒட்டியிருந்தது. சிவப்பும் இல்லை. அங்கே டீக்கடையில் தருகிற கஷாய டீயின் நிறம், கருகல் வாடை. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்போது கதையே வேறு. நல்லவேளை, அது இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததில் கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, அந்த இடமெல்லாம் ஈரமும் மண்ணுமாக இருந்தது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அழுத்தம் வராது, பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் மிச்ச எண்ணெயும் கருகும். அந்த வெயிலும் அந்த நெரிசலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா!

இங்கேதான் எங்களுக்குள்ளேயே இரண்டுபட்டது. எங்களில் பெரியவர், குழாயைச் சரி செய்து குறைந்ததை மட்டும் ஊற்றி விட்டுவிடலாம் என்றார். பழைய கியர் பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினால் அத்தோடு வண்டி படுத்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சின்னவர், கருகின எண்ணெயோடு ஓட்டினால் எப்படியும் படுக்கத்தான் போகிறது என்றார். இரண்டிலும் உண்மை உண்டு. புது எண்ணெய் கியர் பாக்ஸைக் கொல்வதில்லை. ஏற்கெனவே தேய்ந்து முடிந்த பிளேட் பழைய எண்ணெயில் மிதக்கும் தூளின் பிடிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதை வடித்துவிட்டால் நோய் வெளியே வந்துவிடும். ஆனால் பழி மாற்றியவர் தலையில்தானே விழும்? ஐம்பது வருடம் கழித்து உறவு தேடி வந்த நாங்கள், வந்த மூன்றாம் நாளே மச்சானின் பிழைப்பில் கை வைப்பதா?

மறைக்காமல் அவரிடமே சொன்னோம். “சரியாகவும் ஆகலாம், அடியோடு நின்னாலும் நிக்கலாம். நீங்கதான் சொல்லணும்.” அவர் அத்தையைப் பார்த்தார். அத்தைக்கு எண்பதை நெருங்கும் வயது. கன்னத்தில் தனகா பூசி, நம் ஊர்க் கிழவி போலவே தமிழ் பேசுகிறவர். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “கப்பலுக்குப் போறதா, இருக்கிறதான்னு உங்க மாமா ராத்திரி பூராத் தூங்கலை. எங்க அப்பா அப்ப படுத்த படுக்கை. எனக்காக இருந்தாரு. சரியா தப்பான்னு சாகுற வரைக்கும் அவருக்கே தெரியலை தம்பி. கண்ணு முன்னால இருக்கிறதை நல்லாப் பாத்துக்கிட்டாரு, அவ்வளவுதான். நீங்களும் பாத்துச் செய்ங்க.”

செய்தோம். முதலில் வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை வடித்து, தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்து வைத்தோம். எவ்வளவு வந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு ஊற்றுவது என்று தெரியும். பிறகு அடித் தட்டைக் கழற்றினோம். அதில் எண்ணெயில் வரும் இரும்பைப் பிடிக்கச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அந்தக் காந்தம்தான் தீர்ப்புச் சொல்லும். மை போல் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் வயதுக்குரிய தேய்மானம். இரும்புச் சில்லு இருந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. மூவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் தேய்த்துப் பார்த்தோம். குழம்பு கெட்டியாகத்தான் இருந்தது, சில்லு இல்லை. மச்சான் விட்ட மூச்சு எங்களுக்குக் கேட்டது.

ஃபில்டரும் காஸ்கெட்டும் புதிதாகப் போட்டு, குழாய்க்குப் புதுக் கிளிப் மாட்டினோம். எண்ணெய் வாங்கப் போனபோது ஒரு கடைக்காரர் எல்லாம் ஒரே ‘ஸீ’தான் என்று வேறு எதையோ எடுத்துக் கொடுத்தார். பர்மிய மொழியில் ஸீ என்றால் எண்ணெய். சமையல் எண்ணெய்க்கும் அதே சொல்தான்! இதில் மட்டும் ஏமாறாதீர்கள். சாதாரணக் கியர் பாக்ஸின் கெட்டி எண்ணெய் ஆட்டோ கியருக்கு ஆகாது. சிவிடி என்ற பெல்ட் வகை வண்டிக்கு வேறு எண்ணெய். ப்ரோபாக்ஸிலேயே 2014க்குப் பிறகு வந்த மாடல்களில் சிவிடி உண்டு, எங்கள் மச்சானுடையது அதற்கு முந்திய நாலு கியர் வண்டி. அளவுக் கம்பியில் பொறித்திருந்த பெயரையே கேட்டு நாலு கடை ஏறி இறங்கி வாங்கினோம்.

ஒரு தடவை வடித்தால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது. பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலும் குழாயிலும் தங்கிவிடும். அதனால் ஊற்றி ஓட்டி, சில நாள் கழித்து மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். பழைய கியர் பாக்ஸுக்கு இந்த நிதானம்தான் நல்லது. அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல், நுரைத்து மறுபடி வழுக்கும்.

மாலையில் எல்லோரும் ஏறினோம். மச்சான் ‘டி’ போட்டார். அடி இல்லை, மெல்ல நகர்ந்தது. ஹ்லெடான் பக்கமே போகச் சொன்னோம். நெரிசலில் சூடேறிய பிறகு, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது எஞ்சின் ஒரு தரம் வீறிட்டது. வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்து இரண்டாம் முறை மாற்றிய பிறகு அதுவும் குறைந்தது. ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் விழும். ‘புதுசு மாதிரி ஆகிவிட்டது’ என்று பெருமையடிக்க மாட்டோம். பிளேட் தேய்ந்தது தேய்ந்ததுதான். அதன் ஆயுளைக் கொஞ்சம் நீட்டினோம். அந்தக் கியர் பாக்ஸ் மேலும் ஒன்றரை வருடம் ஓடியது. அதற்குள் மச்சான் பணம் சேர்த்து வேறு வாங்கிப் போட்டார். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலோடு பட்டறையில் கொடுத்தோம். அங்கே மெக்கானிக்கை ‘ஸயா’ என்று அழைக்கிறார்கள், ஆசிரியருக்கும் அதே சொல். அந்த மரியாதை நம் ஊருக்கும் வந்தால் தேவலை.

கிளம்பும் அன்று அத்தை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “கப்பல் போன அன்னிக்கு உங்கம்மா காதுத் தோட்டைச் சோதனைக் கூடத்துல கழட்டி வாங்கிக்கிட்டாங்க. அதைத் திருப்பிக் கேட்டு உங்க மாமா உள்ளே மன்றாடிக்கிட்டு நின்னாரு. வெளியே ஓடியாறதுக்குள்ள கப்பல் போயிருச்சு. தோடும் கிடைக்கலை. இதைத் தங்கச்சிகிட்ட எப்படி எழுதுறதுன்னு எழுதாமயே விட்டுட்டாரு.”

2021 பிப்ரவரிக்குப் பிறகு அந்த நாடு பட்ட பாடு நமக்குத் தெரியும். சில மாதம் போனே கிடைக்கவில்லை. பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பதாக மச்சான் பிறகு சொன்னார். 2025 மார்ச் 28ஆம் தேதி மண்டலே, சகாயிங் பக்கம் நிலநடுக்கம் வந்தபோது, இரவே அழைத்து ‘நாங்க நல்லாயிருக்கோம்’ என்றார். நலம் விசாரித்து முடித்ததும் நாங்கள் தவறாமல் கேட்பது, “கம்பியை உருவிப் பார்த்தீங்களா?” அவரும் தவறாமல், “சிவப்பாத்தான் இருக்கு மச்சான்” என்பார்.

ஊர் திரும்பியதும் தோட்டின் கதையை அம்மாவிடம் சொன்னோம். அம்மா வெகுநேரம் பேசவில்லை. விரல் மட்டும் காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “அண்ணன் புள்ளையோட வண்டி ஓடுதாடா?”

ஓடுகிறது என்றோம்.